வளைவு தட்டையானால் ரெசின் இறுகிவிட்டதா?

தெர்மோசெட் ரெசின்கள், அதாவது வினையால் இறுகி மறுபடி உருகாத பிசின்கள், இறுகுவதை (க்யூர் ஆவதை) நிறமாலைமானியில் வைத்துக் கண்காணிக்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியம்: "கர்வ் பிளாட் ஆயிடுச்சு, க்யூர் முடிஞ்சுது." எப்பாக்ஸியின் மாற்ற விகிதம், அதாவது வினையில் செலவான பங்கு, திரையில் ஏறிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் கிடைமட்டமாகப் படுக்கிறது. அடுத்த அரை மணி நேரம் பார்த்தாலும் அசைவில்லை. உடனே சூடேற்றியை அணைத்துவிட்டு, அதுவரை ஆன நேரத்தையே க்யூரிங் நேரம் என்று எழுதிக்கொள்கிறார்கள். இந்த முடிவை என்னால் ஒருபோதும் அப்படியே ஏற்க முடிந்ததில்லை. வளைவு படுப்பதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம். வினை உண்மையிலேயே முடிந்திருக்கலாம். எப்பாக்ஸியோடு வினைபுரிந்து இறுக்கும் ஹார்டனர் தீர்ந்து எப்பாக்ஸி மட்டும் மிச்சமாகி இருக்கலாம். ரெசின் கண்ணாடி நிலைக்குப் போய் மூலக்கூறுகள் நகர முடியாமல் நின்றிருக்கலாம். அல்லது வினை நடந்துகொண்டே இருக்க, நாம் பார்க்கும் பட்டைக்கு, அதாவது ஒரு வேதிக் குழு ஒளியை உட்கவரும் நிறமாலைப் பகுதிக்கு, அதைக் காட்டும் திறன் தீர்ந்திருக்கலாம். நான்கும் திரையில் ஒரே மாதிரி தெரியும். வார்ப்பை எடுத்துச் சூட்டில் வைக்கும்போதுதான் வித்தியாசம் புரியும், அப்போது காலம் கடந்திருக்கும்.

இதில் பெரும்பகுதியைப் பிஸ்பீனால்-ஏ வகை எப்பாக்ஸியையும் ஐசோஃபோரோன் டையமீன் என்ற அமீன் ஹார்டனரையும் வைத்தே பேசுகிறேன். வேதியியல் தெளிவானது, எண்கள் கைவசம் உள்ளன. மற்ற ரெசின்களுக்குப் பட்டைகள் மாறும், சிக்கல் மாறாது.

எந்தப் பட்டை எதைச் சொல்கிறது

நடு அகச்சிவப்பில் எல்லோரும் தேடுவது 915 செ.மீ⁻¹-இல் இருக்கும் எப்பாக்ஸி வளையப் பட்டை. பாடநூல்களில் அழகாக இருக்கும். நடைமுறையில் அதன் அடியில் மற்ற அதிர்வுகளின் வால்கள் கிடப்பதால், எப்பாக்ஸி முழுக்கத் தீர்ந்த மாதிரியிலும் அந்த இடத்தில் ஏதோ ஒரு பரப்பு மிஞ்சும். இறுதிக் கட்டத்தை நம்பி அளக்க வேண்டுமானால் அண்மை அகச்சிவப்புக்குப் போவதே மேல். அங்கே எப்பாக்ஸிக்கு 4530-இல் ஒரு சேர்க்கைப் பட்டையும் 6070-க்கு அருகில் ஒரு மேற்சுரப் பட்டையும் இருக்கின்றன. முதல்நிலை அமீனின் (நைட்ரஜனில் இரண்டு ஹைட்ரஜன் உள்ளது; ஒன்று செலவானால் இரண்டாம்நிலை, இரண்டும் செலவானால் மூன்றாம்நிலை) சேர்க்கைப் பட்டை, அமீனின் வகையைப் பொறுத்து, 4900-இலிருந்து 5070 வரையிலான இடைவெளியில் வரும். அலிஃபாட்டிக் என்றால் கீழ்ப்பக்கம், அரோமாட்டிக் என்றால் மேல்பக்கம். 6500 முதல் 6700 வரையுள்ள பட்டையில் முதல்நிலையும் இரண்டாம்நிலையும் கலந்திருக்கும். 7000-ஐச் சுற்றி ஹைட்ராக்சில். 5200-ஐச் சுற்றி தண்ணீர். அரோமாட்டிக் வளையத்துக்கு 4620-க்கு அருகில் ஒன்றும் 5980-க்கு அருகில் ஒன்றும் உண்டு. வளையம் வினையில் ஈடுபடுவதில்லை என்பதால் இவையே ஒப்பீட்டுப் பட்டைகள்.

அண்மை அகச்சிவப்பின் பெரிய வசதி, உட்கவர்தல் பலவீனமாக இருப்பது. அதனால் மைக்ரான் தடிமனில் படலம் பூசும் தொல்லை இல்லை. சாதாரணக் கண்ணாடித் தகடுகள் இரண்டுக்கு நடுவில் 2 மி.மீ இடைவெளி விட்டு ரெசினை ஊற்றினால் போதும், ஒளி ஊடுருவிப் போகும். ஒளியிழை வழியாக அச்சுக்குள்ளேயே கொண்டுபோகவும் முடியும். பட்டை இன்னும் பெரிதாகத் தெரியட்டும் என்று 10 மி.மீ செல்லுக்கு (மாதிரியைப் பிடித்து வைக்கும் கலத்துக்கு) போகும் ஆசை வரும், அதை அடக்க வேண்டும். எப்பாக்ஸி–அமீன் வினை ஒரு மோல் எப்பாக்ஸிக்கு ஏறக்குறைய 100 கிலோஜூல் வெப்பத்தைக் கக்குகிறது. இந்தக் கலவையில் அது கிராமுக்கு 430 ஜூல் அளவில் வரும். வெப்பம் வெளியேற வழியில்லை என்றால் 200 டிகிரிக்குக் குறையாமல் சூடேறும். தடித்த செல்லின் நடுப்பகுதி அடுப்பு காட்டும் வெப்பநிலையில் இருக்காது. வெப்பமானியின் முனை ரெசினுக்குள்ளேயே, ஒளிக்கற்றைக்குச் சற்று ஓரமாக இருக்க வேண்டும். தாங்கியின் உலோகத்தில் ஒட்டிய வெப்பமானி காட்டுவது தாங்கியின் வெப்பநிலையை மட்டுமே.

கருவியின் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 8 செ.மீ⁻¹ பிரிதிறன் இந்த அகன்ற பட்டைகளுக்குப் போதும். 32 ஸ்கேன் கூட்டினால் இரைச்சல் நன்றாகக் குறையும். ஒரே விதி: ஒரு நிறமாலை எடுத்து முடிப்பதற்குள் மாற்ற விகிதம் ஒரு சதவீதத்துக்கு மேல் நகரக் கூடாது. வேகமான கலவை என்றால் ஸ்கேன்களைக் குறைக்க வேண்டியதுதான்.

பூஜ்யத்தைப் பிடிப்பது

மாற்ற விகிதத்தைக் கணக்கிடும் முறை எளிது. எப்பாக்ஸிப் பட்டையின் பரப்பை ஒப்பீட்டுப் பட்டையின் பரப்பால் வகுக்கிறோம். அதே விகிதத்தைத் தொடக்க நேரத்திலும் எடுத்து, இப்போதைய மதிப்பை அதனால் வகுத்து, ஒன்றிலிருந்து கழிக்கிறோம். கவனியுங்கள்: கடைசிவரை வரும் ஒவ்வொரு புள்ளியும் அந்த ஒற்றைத் தொடக்க மதிப்பில் தொங்குகிறது. கலந்து, காற்றுக் குமிழியை வெளியேற்றி, செல்லில் ஊற்றி, அடுப்பில் வைத்து, அது 60 டிகிரிக்கு வந்து சேர்வதற்குள் சில நிமிடங்கள் ஓடிவிடுகின்றன. வினை அதற்குள் தொடங்கியிருக்கும். முதல் நிறமாலையைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் அதில் ஏற்கெனவே செலவான மூன்று நான்கு சதவீதம் கணக்கிலிருந்து காணாமல் போகும். தூய ரெசினின் நிறமாலையைத் தனியாக அதே வெப்பநிலையில் எடுத்து வைத்து, அதில் எப்பாக்ஸிக்கும் அரோமாட்டிக்குக்கும் உள்ள விகிதத்தையே பூஜ்யமாக வைப்பது நம்பகமானது. ஐசோஃபோரோன் டையமீனில் அரோமாட்டிக் வளையம் இல்லாததால் இந்த வழி இங்கே நேராகப் பொருந்தும். டையமினோ டைபினைல் சல்ஃபோன் போன்ற அரோமாட்டிக் ஹார்டனர் என்றால், எடை விகிதப்படி அதன் பங்கையும் ஒப்பீட்டுப் பட்டையில் சேர்க்க வேண்டும்.

எடை போடுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் இதுதான் முக்கியமாகப் போகிறது. ரெசினின் எப்பாக்ஸி சமான எடை, அதாவது ஒரு மோல் எப்பாக்ஸிக் குழுவைத் தாங்கும் எடை, 187 கிராம் என்று வைப்போம். ஐசோஃபோரோன் டையமீனில் ஒரு மோல் வினைபுரியும் ஹைட்ரஜனுக்கு அது 42.6 கிராம். ஆக 100 கிராம் ரெசினுக்கு 22.8 கிராம் ஹார்டனர். செல்லுக்குத் தேவை 2 கிராம்தானே என்று 2 கிராம் ரெசினை மட்டும் எடுத்துக் கலந்தால் ஹார்டனர் 0.456 கிராம். சொட்டுக்குழாயில் ஒட்டிக்கொண்ட ஒரே ஒரு துளி 0.025 கிராம் இருக்கும். அது ஐந்து சதவீதத்துக்கு மேற்பட்ட பிழை. 50 கிராம் கலந்து அதிலிருந்து 2 கிராம் எடுப்பது வீண்செலவு போலத் தோன்றலாம். ஆனால் அந்தத் துளி கணக்கில் தெரியாத அளவுக்குக் கரைந்துபோக வேறு வழியில்லை. மீதியை அகன்ற தட்டில் மெல்லியதாகப் பரப்பிவிட வேண்டும், கோப்பையிலேயே விட்டால் சூடேறிப் புகையும். ஹார்டனர் புட்டியைத் திறந்து வைக்கவும் கூடாது. அமீன் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கார்பமேட்டாக மாறும், புட்டியின் வாயில் வெள்ளையாகப் படியும். அப்படி மாறிய அமீன் எடையில் சேரும், வினையில் சேராது.

வளைவு படுக்கும் இடம்

இப்போது அந்தத் தட்டையான பகுதிக்கு வருவோம். 60 டிகிரியில் வைத்த கலவை 77 சதவீதத்தை ஒட்டி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 77 என்பதால் முடியவில்லை என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் 90-இல் நின்றால்? அளவுப்பிழை பத்து இருக்கும், முடிந்துவிட்டது என்று சொல்லும் குரல் உடனே எழும். ஆகவே எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், நின்ற விதத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது நேர அச்சை மடக்கை அளவுக்கு மாற்றுவது. சாதாரண அச்சில் படுத்திருக்கும் வளைவு, மடக்கை அச்சில் இன்னும் மெதுவாக ஏறிக்கொண்டிருப்பது தெரிந்தால் அது கண்ணாடியாதலின் அடையாளம். வினை முன்னேற முன்னேற வலைப்பின்னல் நெருங்குகிறது, அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது டிஜி, ஏறுகிறது. டிஜி அடுப்பின் வெப்பநிலையைப் பிடிக்கும் இடத்தில் வினைக் குழுக்கள் ஒன்றையொன்று தேடிப் போக முடிவதில்லை. வேகத்தை இப்போது வேதியியல் தீர்மானிப்பதில்லை, நகர்வு தீர்மானிக்கிறது. ஆனால் அது முற்றிலும் பூஜ்யமாவதும் இல்லை. முதல் மணி நேரத்தில் 70 சதவீதம் போன வினை, அடுத்த பத்து மணி நேரத்தில் இரண்டு மூன்று சதவீதம் போகும். அரை மணி நேரம் மட்டும் பார்ப்பவருக்கு அது அசையாத கோடு.

இரண்டாவது, அமீன் பக்கம் என்ன நடந்தது என்று பார்ப்பது. இதைத்தான் அதிகம் பேர் தவிர்க்கிறார்கள், எப்பாக்ஸிப் பட்டை சுத்தமாக இருப்பதால் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் கணக்கு இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் தீரும். ஒரு நைட்ரஜனுக்கு இவ்வளவு என்ற அளவில், செலவான எப்பாக்ஸியை 'எ' என்றும், செலவான முதல்நிலை அமீனை 'மு' என்றும் வையுங்கள். ஒவ்வொரு இரண்டாம்நிலை நைட்ரஜனும் ஓர் எப்பாக்ஸியையும், ஒவ்வொரு மூன்றாம்நிலை நைட்ரஜனும் இரண்டையும் எடுத்திருக்கிறது. ஆகவே மூன்றாம்நிலை = எ − மு, இரண்டாம்நிலை = 2மு − எ. நேராக அளக்கத் தனிப் பட்டை இல்லாத இரண்டாம்நிலை அமீன் இந்தக் கழித்தலில் கிடைத்துவிடுகிறது. இரண்டு வகை ஹைட்ரஜன்களும் ஒரே வேகத்தில் வினைபுரிந்தால் இரண்டாம்நிலை பாதியளவு வரை ஏறி இறங்கும். முதல்நிலை வேகமாகப் போனால் அதற்கும் மேலே போகும்.

இப்போது, வினை முடிந்து வளைவும் நூறைத் தொட்டது போக மற்ற மூன்று நிலைமைகளும் பிரிந்து நிற்கும். எப்பாக்ஸி 90-இல் நிற்கிறது, அமீனில் முதல்நிலையும் இல்லை, இரண்டாம்நிலையும் இல்லை, 6500-ஐச் சுற்றிய பட்டை தரையோடு போய்விட்டது என்றால் ஹார்டனர் பத்து சதவீதம் குறைவாக விழுந்திருக்கிறது. 22.8-க்குப் பதில் 20.5 கிராம். எவ்வளவு நேரம் அதே சூட்டில் வைத்தாலும் அது 90-இலேயே நிற்கும். எப்பாக்ஸியும் மிச்சம், இரண்டாம்நிலை அமீனும் மிச்சம் என்றால் இரண்டும் இருந்தும் சந்திக்கவில்லை, அது கண்ணாடியாதல். எப்பாக்ஸி 95 காட்டுகிறது, அமீன் முழுக்கத் தீர்ந்திருக்கிறது, எடையும் சரியாகப் போடப்பட்டது என்றால் எப்பாக்ஸிப் பட்டையின் அடிக்கோட்டைச் சந்தேகிக்க வேண்டும். 4530 பட்டை, அரோமாட்டிக் பட்டைகளின் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. இரு ஓரங்களையும் இணைத்து நேர்க்கோடு போட்டால், எப்பாக்ஸி இல்லாதபோதும் அந்தச் சரிவின் வளைவு சிறிய பரப்பாகத் தேங்கும். இதற்கு மருந்து, அதே கலவையை டிஜிக்கு மேல் நன்றாகச் சூடேற்றி முழுக்க இறுக்கிய மாதிரி ஒன்றின் நிறமாலையை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த மிச்சப் பரப்பைக் கழிப்பது.

மூன்றாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இதில் வாதத்துக்கே இடமில்லை. வளைவு படுத்ததும் செல்லை வெளியே எடுக்காதீர்கள். அடுப்பை 60-இலிருந்து 90-க்கு ஏற்றுங்கள். கண்ணாடியாகி நின்ற ரெசின் என்றால் சில நிமிடங்களில் எப்பாக்ஸிப் பட்டை மறுபடி இறங்கத் தொடங்கும். அமீனும் கூடவே இறங்கும். வளைவு இன்னொரு படி ஏறி, புதிய வெப்பநிலைக்கு ஏற்ற இடத்தில் மறுபடி படுக்கும். 120-க்கு ஏற்றினால் இன்னொரு படி. இந்தப் படிக்கட்டு வந்தாலே போதும், முதல் தட்டைக்கு வினை முடிந்தது காரணமில்லை என்று உறுதியாகிவிடும். ஹார்டனர் குறைவான மாதிரியில் படிக்கட்டு வராது. 150 டிகிரிக்கு மேல் மட்டும் எப்பாக்ஸி மெதுவாகக் குறையக்கூடும். அப்போது ஹைட்ராக்சில் பட்டையைப் பாருங்கள். அமீனோடு நடக்கும் வினை ஒவ்வொன்றும் ஒரு ஹைட்ராக்சிலைப் புதிதாகத் தருகிறது. எப்பாக்ஸி ஹைட்ராக்சிலோடு சேர்ந்து ஈதராகும்போது ஒன்று போய் ஒன்று வருகிறது, எண்ணிக்கை மாறுவதில்லை. எப்பாக்ஸி குறைய, ஹைட்ராக்சில் ஏறாமல் இருந்தால் ஈதர் உருவாகிறது. ஒப்பிடும் நிறமாலைகள் இரண்டும் ஒரே வெப்பநிலையில் எடுத்தவையாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஹைட்ரஜன் பிணைப்பு சூட்டில் தளர்ந்து ஹைட்ராக்சில் பட்டையின் வடிவத்தையே மாற்றிவிடும். முன்னால் சொன்ன கழித்தலிலும் இது தெரியும்: எ − மு ஒன்றைத் தாண்டினால், இருக்கும் நைட்ரஜனைவிட அதிகமான மூன்றாம்நிலை அமீன் இருப்பதாகக் கணக்கு சொல்கிறது. அது நடக்க முடியாதது, ஆகவே எப்பாக்ஸி வேறு எங்கோ போகிறது.

ஜெல் புள்ளி, அதாவது ரெசின் ஓடுவது நின்று ஒரே வலையாகும் கட்டம், இந்த வளைவில் எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. எங்கும் இல்லை. டைஎப்பாக்ஸியும் டையமீனும் சரியான விகிதத்தில் இருந்தால் ஃப்ளோரி–ஸ்டாக்மேயர் கணக்குப்படி 57.7 சதவீதத்தில் ஜெல் ஆகும். அந்த இடத்தில் பாகுத்தன்மை வானத்துக்கு ஏறும், நிறமாலையில் சிறு நெளிவுகூட இருக்காது. குழுக்களின் வேதியியல் அங்கே மாறுவதில்லை. ஜெல் வேண்டுமானால் பாகுத்தன்மையை அளக்கும் ரியோமீட்டரைத்தான் கேட்க வேண்டும்.

ஏடிஆர் படிகத்தின் மேல் வரும் பொய்யான தட்டை

வசதிக்காக வைர ஏடிஆர் படிகத்தின் மேல், அதாவது உள்ளே ஒளி முழுமையாகப் பிரதிபலித்து மேற்பரப்பைத் தொடும் மாதிரியை மட்டும் பார்க்கும் படிகத்தின் மேல், ஒரு துளி ரெசினை வைத்துச் சூடேற்றிக் கண்காணிப்பது பரவலாகிவிட்டது. இரண்டு நிமிட வேலை என்பது உண்மை. ஆனால் அங்கே ஒளி ரெசினுக்குள் போவது சில மைக்ரான் மட்டுமே: 45 டிகிரி கோணத்தில் 915-இல் ஏறக்குறைய 2.5 மைக்ரான், 1510-இல் ஏறக்குறைய 1.5 மைக்ரான். இறுகும்போது ரெசின் சுருங்குகிறது, எப்பாக்ஸி சில சதவீதம், அன்சாச்சுரேட்டட் பாலியெஸ்டர் அதைவிடக் கூடுதலாக. சுருங்கும் துளி ஓரத்தில் தூக்கிக்கொள்ளும். படிகத்துக்கும் ரெசினுக்கும் நடுவில் அரை மைக்ரான் இடைவெளி விழுந்தால் எல்லாப் பட்டைகளும் குன்றும், ஆனால் ஒரே அளவில் குன்றாது. ஆழமாகப் போகும் 915-ஐவிட, ஆழம் குறைந்த 1510 அரோமாட்டிக் பட்டை அதிகம் அடிவாங்கும். 1510-ஐ ஒப்பீடாக வைத்திருந்தால் விகிதம் ஏறும், மாற்ற விகிதம் குறைந்தது போலத் தெரியும். வளைவு தட்டையாகி, சில நேரம் கீழே இறங்கவும் செய்யும். இறுகிய எப்பாக்ஸி திரும்பி வளையமாவதில்லை, ஆகவே இறங்கும் வளைவைக் கண்டால் தொடர்பு விட்டுப்போயிற்று என்று எடுத்துக்கொள்ளலாம். ஒப்பீட்டுப் பட்டை எப்பாக்ஸிப் பட்டைக்கு அருகில், 830-ஐப் போல, இருந்தால் இந்தக் கோணல் குறையும். அதைவிட நல்ல பழக்கம், ஒப்பீட்டுப் பட்டையின் பரப்பைத் தனியாக நேரத்துக்கு எதிரே வரைந்து பார்ப்பது. விகிதம் மட்டும் பார்த்தால் அது மறைந்துபோகும். தனியாகப் பார்த்தால் தொடர்பு விட்ட நிமிடம் வெட்டினாற்போல் தெரியும்.

இன்னொன்று: வைரத்தோடு அமீன் எப்பாக்ஸி ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. டிஜிக்கு மேல் சூடாக்கி மென்மையாக்கி, மரச்சில்லால் நெம்ப வேண்டும். உலோகக் கத்தி வைரத்தைக் கீறாது, ஆனால் அதைப் பிடித்திருக்கும் சட்டத்தைப் பாழாக்கிவிடும்.

பிசிஏவின் முதல் கூறு மாற்ற விகிதம்தானா

ஒற்றைப் பட்டைகளின் தொல்லையைப் பார்த்தவர்கள் முழு நிறமாலையையும் பிசிஏவுக்கு (முதன்மைக் கூறுப் பகுப்பாய்வுக்கு) கொடுக்கிறார்கள். தரவு அதிகம் மாறும் திசைகளைக் கூறுகளாகப் பிரிக்கும் புள்ளியியல் முறை அது; ஒவ்வொரு நிறமாலையிலும் ஒரு கூறு எவ்வளவு என்பது ஸ்கோர், அந்தக் கூறின் நிறமாலை உருவம் லோடிங். முதல் கூறு 98 சதவீத மாறுபாட்டை விளக்குகிறது, அதன் ஸ்கோர் நேரத்தோடு அழகாக ஏறிப் படுக்கிறது, ஆகவே அதுதான் மாற்ற விகிதம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பிசிஏவுக்கு வேதியியல் தெரியாது. எது அதிகம் மாறுகிறதோ அதை முதலில் எடுத்து வைக்கும், அவ்வளவுதான். செல் சூடேறும் முதல் நிமிடங்கள் தரவில் இருந்தால் வெப்பநிலை அதில் கலந்திருக்கும். கண்ணாடி இழை உள்ள மாதிரி என்றால் இன்னும் மோசம். ரெசினின் ஒளிவிலகல் எண் இறுகும்போது ஏறி, இழையின் எண்ணை நெருங்கியோ விலகியோ போகிறது, சிதறல் மாறுகிறது, அடிக்கோடு முழுவதும் நகர்கிறது. அந்த நகர்வு எந்த வேதிப்பட்டையைவிடவும் பெரிதாக இருக்கலாம். லோடிங்கை வரைந்து பார்த்து, 4530-இல் இறக்கமும் ஹைட்ராக்சிலில் ஏற்றமும் உருவம் தெளிவாக இருக்கிறதா என்று உறுதி செய்யும்வரை அந்த ஸ்கோருக்கு எந்தப் பெயரும் வைக்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

வெப்பநிலையைப் பிரிக்க எளிய வழி உண்டு. முழுக்க இறுகிய மாதிரியை 120-இலிருந்து 60-க்குக் குளிரவிட்டு, மறுபடி சூடேற்றி, வழியெல்லாம் நிறமாலை எடுங்கள். வினை இல்லை, ஆகவே அதில் மாறுவதெல்லாம் வெப்பநிலையால் மாறுவது. அந்தத் தரவிலிருந்து கிடைக்கும் ஒன்றிரண்டு திசைகளை முதன்மைத் தரவிலிருந்து கழித்துவிட்டுப் பிறகு பிசிஏ செய்தால், ஸ்கோர் வளைவின் முதல் பத்து நிமிடங்கள் வேறு உருவம் எடுப்பதைப் பார்க்கலாம்.

முன்தயாரிப்பில் எஸ்என்வி என்ற சமன்செய்யும் முறையைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் வழக்கத்தையும் விட வேண்டும். அது நிறமாலை முழுவதின் சராசரியையும் பரவலையும் வைத்துச் சமன் செய்கிறது. இறுகும்போது ஹைட்ராக்சில் பட்டை அகலமாக வளர்கிறது, அந்த வளர்ச்சி பரவலைக் கூட்டுகிறது, உடனே அசையாத அரோமாட்டிக் பட்டைகூடக் குறைந்தது போல ஆகிவிடும். சாவிட்ஸ்கி–கோலே என்ற மென்மையாக்கும் வடிப்பானால் முதல் வகைக்கெழுவை எடுத்து அடிக்கோட்டை நீக்கி, அரோமாட்டிக் பட்டையால் வகுப்பது இங்கே பொருத்தமானது. வடிப்பானின் சாளரம் பட்டையின் அகலத்தைவிடப் பெரிதாகக் கூடாது.

அடுத்த படியாக எம்சிஆர் என்ற கலவை பிரிக்கும் கணக்கைப் போட்டு ஒவ்வொரு வேதிப்பொருளின் நிறமாலையையும் பிரித்தெடுக்க முயல்கிறார்கள். எப்பாக்ஸி, முதல்நிலை அமீன், இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை, ஹைட்ராக்சில், ஆக ஐந்து கூறு என்று கொடுக்கிறார்கள். ஆனால் உள்ளே நடப்பது இரண்டு வினைகள்தான். நைட்ரஜன் மொத்தம் மாறாது. உருவான ஹைட்ராக்சில் செலவான எப்பாக்ஸிக்குச் சமம். செலவான எப்பாக்ஸி இரண்டாம்நிலையோடு மூன்றாம்நிலையின் இரு மடங்கைக் கூட்டியதற்குச் சமம். ஐந்து அளவுகள், மூன்று கட்டுப்பாடுகள், மிச்சம் இரண்டு. ஒரே கலவையில் எடுத்த தரவு சராசரி நீக்கிய பிறகு இரண்டு கூறுகளுக்கு மேல் வேதியியலைத் தாங்காது. மூன்றாவதாக வருவது வெப்பநிலை, ஈரம், ஈதர் வினை அல்லது இரைச்சல். ஐந்து கேட்டால் மென்பொருள் மறுக்காமல் ஐந்து தரும், அவற்றில் பாதி கணிதக் கலவை. உண்மையிலேயே ஐந்தையும் பிரிக்க வேண்டுமானால் வெவ்வேறு எடை விகிதங்களில் செய்த ஓட்டங்களையும், தூய ரெசின், தூய அமீன் நிறமாலைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கட்டுப்பாடுகள் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறி, பிரிக்க வழி கிடைக்கும்.

நிறமாலையிலிருந்து மாற்ற விகிதத்தைக் கணிக்கும் பிஎல்எஸ் என்ற புள்ளியியல் மாதிரியைச் சரிபார்க்கும்போது, ஒரே ஓட்டத்திலிருந்து சில நிறமாலைகளை மட்டும் ஒதுக்கிவைத்துச் சோதிப்பது சோதனையே ஆகாது. முப்பது வினாடி இடைவெளியில் எடுத்த அடுத்தடுத்த நிறமாலைகள் கிட்டத்தட்ட ஒன்றின் நகல் இன்னொன்று. ஒரு முழு ஓட்டத்தையே, முடிந்தால் வேறு நாளில் வேறு புட்டியிலிருந்து கலந்ததை, வெளியே வைத்துச் சோதிக்க வேண்டும். அப்போது பிழை சில மடங்கு பெரிதாகத் தெரியலாம். தொழிற்சாலையில் சந்திக்கப் போவது அந்தப் பிழையைத்தான். க்யூர் வேகத்தைச் சொல்லும் கமால்–சௌரூர் சமன்பாட்டைத் தரவில் பொருத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை: கண்ணாடியாகி நின்ற பகுதியையும் சேர்த்துப் பொருத்தினால் சமன்பாட்டின் அடுக்கெண்கள் தாறுமாறாகி, வேறு வெப்பநிலைக்கு அந்த எண்கள் உதவாது. நகர்வு தடைபடும் இடத்துக்கு முன்பே நிறுத்துங்கள், அல்லது செர்ன்–போலைன் போன்ற பரவல் காரணியைச் சேர்த்துப் பொருத்துங்கள்.

கடைசி ஐந்து சதவீதம்

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. எப்பாக்ஸிப் பட்டை சிறுக்கச் சிறுக்க அதன் பரப்பின் பிழை வளர்கிறது. 97-ஆ 99-ஆ என்று அது உறுதியாகச் சொல்லாது. ஆனால் பொருளின் குணம் அங்கேதான் அதிகம் மாறுகிறது. மாற்ற விகிதத்தையும் டிஜியையும் இணைக்கும் டிபெனடெட்டோ சமன்பாட்டில் எடுத்துக்காட்டு மதிப்புகளைப் போட்டுப் பாருங்கள்: இறுகாத கலவையின் டிஜி −30 டிகிரி, முழுக்க இறுகியதன் டிஜி 155, சமன்பாட்டின் பொருத்து எண்ணான லாம்டா 0.4. தொடக்கத்தில் ஒரு சதவீத மாற்றத்துக்கு டிஜி முக்கால் டிகிரிதான் ஏறுகிறது. முடிவில் அதே ஒரு சதவீதத்துக்கு நான்கரை டிகிரிக்கு மேல். 95 சதவீதத்தில் டிஜி 133, 100 சதவீதத்தில் 155. நிறமாலைக்கு மங்கலான அந்த இடத்தில், சூடேற்றும்போது மாதிரி உறிஞ்சும், வெளியிடும் வெப்பத்தை அளந்து டிஜியைக் காட்டும் டிஎஸ்சி கூர்மையாகிறது. ஆகவே தொடக்கத்தையும் நடுப்பகுதியையும் நிறமாலையிடமும், முடிவை டிஎஸ்சியிடமும் ஒப்படைப்பதே நான் பரிந்துரைக்கும் வழி.

இதே மதிப்புகளில் டிஜி 75 ஆகும் இடம் 77 சதவீத மாற்றம். 60 டிகிரி அடுப்பில் வளைவு ஏன் அங்கே படுத்தது என்பதற்கும் இதுவே விடை. கண்ணாடியாகி நின்ற ரெசினின் டிஜி, இறுக்கிய வெப்பநிலைக்குப் பத்து இருபது டிகிரி மேலே போய் உட்காருவது வழக்கம்.

செல்லைத் திறந்து, ஒளி கடந்த அதே இடத்திலிருந்து 10 மில்லிகிராம் வெட்டி எடுங்கள். நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் முழு டிஜிக்கு நன்றாக மேலே வரை சூடேற்றி, குளிரவிட்டு, இரண்டாம் முறை சூடேற்றுங்கள். முதல் சூட்டில் டிஜி 75-ஐ ஒட்டி, அதன் மேலேயே ஒரு சிறு வெப்ப உறிஞ்சல் முகடு, பிறகு மிச்ச வினையின் வெப்பம், இரண்டாம் சூட்டில் டிஜி 150-ஐத் தாண்டி என்று வந்தால், திரையில் படுத்திருந்தது கண்ணாடியான ரெசின். அந்த உறிஞ்சல் முகடு டிஜியின் மேல் ஏறி உட்கார்ந்து அதை மறைக்கும், பண்பேற்ற டிஎஸ்சி (சூடேற்றத்தோடு சிறு வெப்ப அலையையும் சேர்க்கும் வகை) இருந்தால் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். இரண்டு சூட்டிலும் டிஜி ஓரிரு டிகிரிக்குள் ஒன்றாக இருந்தால் மட்டும் அந்த வெப்பநிலையையும் நேரத்தையும் க்யூரிங் அட்டவணையில் எழுதலாம், அப்போதும் எந்த எடை விகிதத்துக்கு, எந்தத் தடிமனுக்கு என்பதைப் பக்கத்திலேயே சேர்த்து.